வகுப்பு நேரமும் சம்பள நேரமே

2 செப்டம்பர் 2024, திங்கள்
ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

ஃபிட்டர் முடித்த பிள்ளைகளுக்கு அப்ரண்டிஸ் அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. இரண்டு பேருக்கு ஊரிலேயே இடம்; மற்றவர்களுக்கு பெங்களூர். மதியம் எல்லோரையும் ஐடிஐ பட்டறையில் உட்காரவைத்து ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி இந்த ஒப்பந்தம் பதிவாக வேண்டும். பதிவு எண் வராமல் வேலையில் சேராதீர்கள் என்றேன்.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஐடிஐ படித்தவர்களுக்கு அடிப்படை உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். ஃபிட்டர் இரண்டு ஆண்டுப் படிப்பு. அந்த இரண்டு ஆண்டும் பயிற்சிக் காலமாகவே கணக்கில் சேர்வதால், மூன்றாம் ஆண்டுக்குரிய 15 சதவீதம் கூடி 8,050 ரூபாய் வரும். அதில் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு ஏற்கிறது. பிள்ளைகளின் முகத்தில் அந்தத் தொகையைக் கேட்டதும் வந்த வெளிச்சம் நியாயமானதுதான். பல வீடுகளில் அது வாடகைக்கும் அரிசிக்கும் போகும் பணம்.

5 செப்டம்பர், வியாழன்

மாரிகுப்பத்திலிருந்து ஒரு பையனின் அம்மா வந்திருந்தார்.

“ஒரு வருசம் கழிச்சு பர்மனென்ட் பண்ணுவாங்களா சார்? இல்லன்னா எதுக்கு அம்மாந்தூரம் அனுப்பணும்?”

இந்த ஊரில் அந்தக் கேள்வி ஆழமானது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது ‘பர்மனென்ட்’ என்று நம்பியிருந்த வீடுகளெல்லாம் ஒரே நாளில் தெருவில் நின்றன. ஆகவே உள்ளதை உள்ளபடி சொன்னேன். சட்டத்தின் கண்ணில் பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

“வேலை நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன்மா. ஒழுங்கா கத்துக்கிட்டு பரீட்சை எழுதினா தேசியச் சான்றிதழ் வரும். அது கம்பெனிக்குச் சொந்தமில்ல, உங்க பையனுக்குத்தான் சொந்தம்” என்றேன். அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

15 செப்டம்பர், ஞாயிறு

அப்பாவின், வெடி வைப்பதற்கான ‘பிளாஸ்டர்’ சான்றிதழ் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். சாம்பியன் ரீஃபில் உதவியாளாகச் சேர்ந்தவர் அவர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. வெடி வைக்க வேண்டுமானால் அதற்கென்று தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். காலை ஷிப்டு முடிந்து மேலே வந்தால், சாயங்காலம் லைன் வீட்டுத் திண்ணையில் மூத்த மேஸ்திரி ஒருவரிடம் பாடம் கேட்பார். அந்தப் படிப்புக்கு யாரும் சம்பளம் தரவில்லை. தூக்கத்தை விற்றுப் படித்தார்.

சுரங்கம் மூடிய பிறகு கல்குவாரிகள் அவரைக் கூப்பிட்டது அந்தச் சான்றிதழுக்காகத்தான். கூடவே வேலை செய்த, அவருக்குச் சற்றும் குறையாத கைத்திறன் உள்ள பலருக்கு அந்த அழைப்பு வரவில்லை.

24 செப்டம்பர், செவ்வாய்

பெங்களூரில் சேர்ந்த ஒரு மாணவன் ரயிலிலிருந்து பேசினான். விடியுமுன் மாரிகுப்பத்தில் ஏறினால் சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், பெமல் நகர், பங்காருப்பேட்டை தாண்டி ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறான். சேர்ந்த நாளிலிருந்து ஒரே பிரஸ் மெஷின். இத்தனை பீஸ் என்று கணக்கு. முடியாவிட்டால் ஷிப்டு தாண்டியும் நிற்க வேண்டும். வகுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. “கிளாஸ்னு கேட்டா, வேலை செய்யறதுக்குத்தான காசு வாங்குறன்னு சொல்றாங்க சார்.”

கோபத்தில் சாப்பிட முடியவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து மூன்று பிரிவுகளைக் குறித்தேன். பிரிவு 10: பழகுநருக்குத் தொழில் சார்ந்த பாடம் நடத்த வேண்டும், வகுப்பில் இருக்கும் நேரமும் சம்பள நேரமாகவே கணக்கிடப்படும். பிரிவு 13: பீஸ் கணக்கில் உதவித்தொகை தரக் கூடாது, உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்திலும் அவரைச் சேர்க்கக் கூடாது. பிரிவு 15: பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் கூடாது. மூன்றும் ஒன்றையே காக்கின்றன: அவன் கற்கும் நேரத்தை.

4 அக்டோபர், வெள்ளி

அந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்குக் கடிதம் போட்டிருந்தேன். இன்று பயிற்சி அதிகாரி பேசினார். சனிக்கிழமை காலை வகுப்பு தொடங்குகிறதாம், ஓவர்டைம் நிறுத்தியாயிற்று. மெஷின் மாற்றித் தருவது பற்றிப் பதில் இல்லை. அடுத்த மாதமும் எழுதுவேன்.

ஜெர்மனியில் தொழிற்பயிற்சிச் சட்டப்படி, பயிற்சி பெறுபவரைத் தொழிற்பள்ளிக்கு நிறுவனம் விடுவித்தே ஆக வேண்டும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மற்ற நாள் பட்டறை. நம் சட்டத்திலும் அதே எண்ணம் எழுத்தில் இருக்கிறது. அதைப் பட்டறை வரை கொண்டுபோக ஆள் வேண்டும்.

11 அக்டோபர், வெள்ளி – ஆயுத பூஜை

லேத்துக்கும் வைஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். பழைய மாணவர்கள் பலர் வந்திருந்தார்கள். உள்ளூரில் பயிற்சி பெறும் பெண் தன் குறிப்பேட்டைக் காட்டினாள். வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்று போட்டிருந்தால், 25க்குக் குறையவும் கூடாது, 0.021 மில்லிமீட்டருக்கு மேல் கூடவும் கூடாது. வகுப்பில் படித்த அந்தக் கணக்கை மறுநாளே பேரிங் பொருத்தும்போது பார்த்தாளாம். “ஏன் இறுகுதுன்னு இப்பத்தான் சார் புரிஞ்சுது” என்றாள். படிப்பும் வேலையும் ஒரே வாரத்தில் சந்திக்கும்போது இது நடக்கிறது. வெறும் பிரஸ் மெஷினில் ஓராண்டு நின்றால் நடக்காது.

அடுத்த ஆண்டுப் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் இதைத்தான் சொல்லப்போகிறேன். உதவித்தொகை எவ்வளவு என்று கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. அதற்கு முன், வகுப்பு எந்த நாள், யார் நடத்துவார், எத்தனை மெஷினில் மாற்றிப் பழக்குவார்கள், பரீட்சைக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.