சேதாரம்

என் மூத்த பெண்ணின் விவாக நிச்சயத்துக்கு மோதிரம் வாங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்த அன்று, என் மனைவி பீரோவின் உள்ளறையைத் திறந்து, பழைய மோதிரங்கள் இரண்டை எடுத்து வந்து ஊஞ்சல் பலகையின் மேல் வைத்தாள். ஒன்று, என் தாயார் ஐம்பத்திரண்டு வருஷ காலம் விரலைவிட்டுக் கழற்றாமல் அணிந்திருந்த வெறும் பொன் மோதிரம். மேற்பக்கம் வளையத்தின் பருமன் குன்றாதிருக்க, உள்ளங்கைப் பக்கம் மட்டும் தேய்ந்து தேய்ந்து நூலாக மெலிந்திருந்தது. மற்றொன்று, எங்கள் நிச்சயதார்த்தத்துக்கென்று என் தகப்பனார் கடனை உடனை வாங்கிச் செய்து போட்ட வைர மோதிரம். அதில் வைரம் இல்லை. ஏந்திய பொருள் நழுவிப்போன பின்னும் ஏந்திய பாவனை மாறாத கைவிரல்களைப் போல, ஆறு பொன் நகங்கள் வெறும் வெளியைப் பிடித்துக்கொண்டு நின்றன.

அந்த வைரம் போன கதையைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மணமான மூன்றாம் வருஷம், மார்கழி மாதத்து விடியற்காலையில், வாசலில் பெரிய கோலமாகப் போட்டுவிட்டு உள்ளே வந்து கைகழுவும்போதுதான் என் மனைவி மோதிரத்தைக் கவனித்தாள். அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். வெள்ளை மாவில் விழுந்த வெள்ளைக் கல்லை எங்கே என்று தேடுவது? போட்ட கோலத்தை அவளே விரலால் கலைத்து, மண்ணோடு மாவை வாரி, மெல்லிய சல்லடையில் சலித்துப் பார்த்தாள். பிறகு நானும் சலித்தேன். விடிந்து, வெயில் ஏறி, எறும்புகள் தம் பங்குக்கு வந்து சேர்ந்த பிறகும் சலித்துக்கொண்டே இருந்தோம். கல் கிடைக்கவில்லை. அவள் அழுதது கல்லின் விலையை நினைத்தன்று. என் தகப்பனாருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான். அவரோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, சற்றுநேரம் மௌனமாக இருந்து, "கல்லை மட்டும் பார்த்து வாங்கினேன், கட்டைப் பார்க்கவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியம் இத்தனை வருஷங்களாக என் மனத்தில் தங்கியிருந்தபடியால், என் பெண்ணுக்கு மோதிரம் பார்க்கக் கிளம்பியபோது, நகைக்கடைக்குப் போவதற்கு முன்னால், திருச்சி சின்னக்கடை வீதியை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் வயோதிகப் பத்தர் ஒருவரிடம் அந்த இரண்டு மோதிரங்களோடு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

பத்தர் வைரமில்லாத மோதிரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஒட்டு நல்ல ஒட்டுத்தான் சார். பொன்னும் இருபத்திரண்டு காரட். ஆனால் நகத்தைக் கம்பியாய் இழுத்திருக்காங்க, பாருங்க, பவுன் மிச்சம் பிடிச்சிருக்காங்க" என்றார். பிறகு அவர் நிதானமாக விளக்கியதன் சாரம் இது: சொக்கத் தங்கம் என்று நாம் சொல்லும் இருபத்துநான்கு காரட் பொன் எளிதில் தழும்பு விழும்படியான மென்மை உடையது, ஆயிரத்தில் 916 பங்கு பொன்னாக உள்ள இருபத்திரண்டு காரட், தாலிக்கும் வளையலுக்கும் சங்கிலிக்கும் ஏற்றது, ஆனால் ஒரு கடினமான கல்லை, மெல்லிய நான்கு அல்லது ஆறு நகங்களால், ஒரு நாளைக்கு நூறு இடத்தில் இடிபடும் விரலின் மேல் பல வருஷங்களுக்குப் பிடித்து நிற்க வேண்டுமானால், ஆயிரத்தில் 750 பங்கு பொன்னும் மிச்சம் செம்பும் வெள்ளியும் சேர்ந்த பதினெட்டுக் காரட்டே அதற்கு வேண்டிய உறுதியைத் தரும். மாற்றுக் குறைந்தால் மரியாதை குறைந்தது என்று எண்ணும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஏற்பது கடினம். ஆயினும் பொன்னோடு செம்பு சேர்வதனால்தான் வைரம் நிலைக்கிறது என்று கேட்டபோது, கலப்பு என்ற சொல்லைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயமே அன்று மாறிப்போயிற்று.

என் பெண் பிளாட்டினத்தைப் பற்றிக் கேட்டாள். அவள் சிநேகிதிகள் பலரும் அதையே வாங்குகிறார்களாம். பத்தர் அந்த உலோகத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆயிரத்தில் 950 பங்கு தூய்மையோடு விற்கப்படுவது, பொன்னைவிடக் கனமானது, கீறல் விழுந்தாலும் உலோகம் உதிராமல் பெரும்பாலும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதால் எளிதில் தேய்ந்து மெலியாதது, கல்லைப் பிடிப்பதில் அதற்கு நிகரில்லை என்று ஒப்புக்கொண்டார். "ஆனால் பொன் 1,064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். என் உலையிலே அது அசையாது, பாப்பா. நாளைக்கு விரல் பருத்து, மோதிரத்தைப் பெரிசாக்கணும்னா, அதற்கென்று பட்டறை இருக்கிற ஊருக்குத்தான் அனுப்பணும்" என்றார். வெள்ளைத் தங்கத்துக்கோ மேலே ரோடியம் பூச்சு உண்டு. அது தேயும்போதெல்லாம் மறுபடி பூச வேண்டும். ஆகவே உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தை மட்டும் யோசித்தால் போதாது. அதைச் செப்பனிடத் தெரிந்த கை நாம் வாழும் ஊரில் இருக்கிறதா என்பதையும் யோசிக்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் போடுவது நம் புராதன சம்பிரதாயம் அன்று. நம்மிடையே தாம்பூலம் மாற்றிக்கொண்டால் நிச்சயமாயிற்று. 1477-ல் ஆஸ்திரியாவின் இளவரசன் மாக்ஸிமிலியன், பர்கண்டியின் மேரிக்கு வைர மோதிரம் அளித்ததை இந்த வழக்கத்தின் புகழ்பெற்ற தொடக்கமாக மேல்நாட்டார் சொல்வார்கள். வழக்கம் அவர்களுடையதானாலும் கல் நம்முடையது. 1720-களில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை, உலகம் அணிந்த வைரங்களில் பெரும்பாலானவை கோல்கொண்டா ராஜ்யத்துச் சுரங்கங்கள் முதலாக நம் நாட்டு மண்ணிலிருந்தே சென்றவை. பிறகு சக்கரம் திரும்பியது. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் என்னும் ஊரில் 1870-ல் வைரம் கிடைத்து, லேசான நீல ஒளி வீசும் அந்தச் சுரங்கத்துக் கற்கள் இங்கே வந்து சேர, அவ்வூரின் பெயரே 'ப்ளூ ஜாகர்' என்று மருவி நம் பாட்டிமார்களின் வாயில் புகுந்தது. கடல் தாண்டியறியாத எத்தனையோ மூதாட்டிகள், தம் காதுத் தோட்டைக் காட்டி, ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்தின் பெயரைப் பெருமையோடு உச்சரித்து வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள்.

வைரத்தைப் பரீட்சை செய்யும் சாஸ்திரமும் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்த்து வரும்போது இரத்தினக் கடைத்தெருவைக் காண்கிறான். காக்கையின் கால்போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என்று வைரத்துக்குரிய நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் அங்கே எண்ணிச் சொல்கிறார். அடுத்த பொற்கடை வீதியில் பொன்னின் நான்கு ஜாதிகளையும் சொல்கிறார். இன்று பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்து வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தின் முறைப்படி தரம் பிரிக்கிறார்களே, அதுவும் அடிப்படையில் இதே தோஷ பரீட்சைதான். இவ்வளவு நுட்பமாகக் கல்லை அறிந்திருந்த ஊரில்தான், ஒரு சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்காத காரணத்தால் குற்றமற்ற ஓர் உயிர் போயிற்று என்பதை நினைக்கும்போது, பரீட்சை என்பது மேற்பரப்போடு நின்றுவிடலாகாது என்ற பயம் எனக்கு உண்டாகிறது.

பத்தரின் உபதேசத்தோடு கடைக்குப் போனோம். கடைக்காரர் வெள்ளைக் காகிதப் பொட்டலங்கள் இரண்டைப் பிரித்து, இரண்டு கற்களை அருகருகே வைத்தார். ஒன்று எழுபது சென்ட், மற்றொன்று ஐம்பது. நூறு சென்ட் ஒரு காரட், ஒரு காரட் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு என்னும் கணக்கில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிராமில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆனால் என் கண் உடனே பெரியதன் மேல்தான் சென்றது. என் பெண் இரண்டையும் இடுக்கியால் எடுத்து, குழல் விளக்கின் கீழிருந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பெரிய கல்லின் நடுவில் மங்கலான ஒரு வட்டம் தெரிந்தது. சிறிய கல்லோ அசைக்க அசைக்க விளிம்பு வரையில் நீரோட்டம் பரவி, வானவில்லின் துணுக்குகளை அவள் கன்னத்தில் எறிந்தது. பட்டை தீட்டியவன் கையில் இருக்கும் சூட்சுமம் இது. கல்லின் அடிப்பாகம் மிக ஆழமாகவோ மிக ஆழமின்றியோ போனால் மேலே நுழைந்த ஒளி கீழ்வழியே ஒழுகிப்போகும். அளவு சரியாக அமைந்தால் உள்ளேயே இருமுறை திரும்பி, பார்ப்பவன் கண்ணுக்கே வந்து சேரும். 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இந்தக் கோணங்களைக் கணிதத்தால் நிறுவிப் புத்தகமாகவே எழுதினார். எடையைக் காப்பாற்ற ஆசைப்பட்டவன் ஒளியை இழக்கிறான். எடையை இழக்கத் துணிந்தவன் ஒளியைப் பெறுகிறான். ஐம்பது சென்ட் கல்லையே தேர்ந்தெடுத்தோம்.

பரிசோதனைச் சாலையில் வளர்த்த வைரம் ஒன்றையும் கடைக்காரர் காட்டினார். இன்னது இது என்று தாமே முன்வந்து சொன்னதற்காக அவரிடம் எனக்கு மரியாதை ஏற்பட்டது. 1954-ல் அமெரிக்காவில் முதலில் நம்பகமாகச் செய்து காட்டப்பட்ட வித்தை, இன்று வளர்ந்து, கருவியின் துணையின்றிப் பிரித்தறிய முடியாத கற்களைத் தருகிறது. அதுவும் கரிதான், அதுவும் அதே கடினம்தான், விலையோ மிகவும் மலிவு, மறுவிற்பனையில் கிடைப்பதும் அவ்வாறே சொற்பம். செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டியே எத்தனையோ குடும்பங்கள் பிழைத்த திருச்சிச் சீமையில் பிறந்த நான் அதை இழிவென்று சொல்ல மாட்டேன். வசதிக்கு மீறிக் கடன்பட்டுச் சுரங்கத்துக் கல்லை வாங்குவதைவிட, தெரிந்தே அதை வாங்குவது எவ்வளவோ மேல். சொல்லி விற்பதும் தெரிந்து வாங்குவதுமே இங்கே தர்மம்.

கல்லை உடனே வாங்கிவிடவில்லை. வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று, என் தாயார் காலத்தில் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் பூஜையறையில் வைத்துப் பார்ப்பது வழக்கம். கடைக்காரர் இசையவே, நாங்களும் மூன்று நாள் வைத்திருந்தோம். சகுனம் பார்த்தோமோ இல்லையோ, அந்தக் கல்லைக் காலை வெயிலிலும், மாலை மங்கலிலும், குத்துவிளக்கின் சுடரிலும் பார்த்துப் பழகினோம். முன்னோர் வழக்கத்துக்குள் இப்படியொரு பிரயோஜனம் இருப்பது அப்போதுதான் புலப்பட்டது.

மோதிரத்தின் அமைப்பைத் தீர்மானித்தது என் பெண்ணின் தொழில். அவள் மருத்துவமனையில் டாக்டர். ஒரு நாளைக்குப் பலமுறை கையுறை மாட்டிக் கழற்றுகிறவள். உயர்ந்த நகங்கள் கையுறையைக் கிழிக்கும். ஆகவே கல்லைத் தாழ இறக்கி, விளிம்பைச் சுற்றிலும் பொன்னால் அணைத்துக் கட்டும்படி சொன்னோம். விரலைக் காலையில் அளக்காமல் சாயங்காலம் அளந்தோம். நம் ஊர் வெயிலில் பொழுது சாயும்போது விரல் சற்றே பருத்திருக்கும். ரசீதில் பொன்னின் எடையும் கல்லின் எடையும் தனித்தனியே இருக்கும்படியும், கல்லின் எடைக்குப் பொன் விலை போடாதபடியும் பார்த்துக்கொண்டோம். பி.ஐ.எஸ். முத்திரையும், 750 என்ற எண்ணும், 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்பனைக்குக் கட்டாயமாகிவிட்ட எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. அடையாளமும் மோதிரத்தின் உட்புறம் இருக்கின்றனவா என்று லென்ஸில் பார்த்தோம். ரசீதின் கடைசியில் செய்கூலி, அதற்குக் கீழே சேதாரம்.

சேதாரம் என்ற அந்தச் சொல்லோடு மறுபடி பத்தரிடம் போனோம். விவாகத்தன்று தன் பாட்டியின் மோதிரத்தையே அணிய வேண்டும் என்று என் பெண் ஆசைப்பட்டாள். பத்தர் அதைத் தராசில் வைத்தார். மூன்று கிராமுக்குச் சற்று மேல். என் தகப்பனாரின் கணக்குப் புத்தகத்தில் அது அரைப் பவுன், அதாவது நான்கு கிராம். ஏறக்குறைய ஒரு கிராம் பொன் எங்கே போயிற்று? ஆட்டுக்கல்லின் குழவியிலும், கிணற்றுக் கயிற்றிலும், பித்தளைத் தவலையின் விளிம்பிலும், பிசைந்த மாவிலும், எங்கள் ஐந்து பேரின் தலையில் எண்ணெய் தேய்த்ததிலும் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடியில் சிறிதளவாவது இட்லியோடும் அடையோடும் எங்கள் வயிற்றுக்குள்ளும் போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது, அந்தச் சிறிய பட்டறையில் நான் சற்றுநேரம் பேச முடியாமல் இருந்தேன்.

"இப்படியே போட்டால் இரண்டு வருஷத்தில் அறுந்துவிடும். உருக்கிப் புதுசாய்ச் செய்துடலாமா?" என்று பத்தர் கேட்டார். "வேண்டாம், தாத்தா, தேய்ந்த இடத்துக்கு மட்டும் புதுப் பொன் வையுங்கள்" என்றாள் என் பெண். அவர் நூலாக மெலிந்திருந்த பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, புதிய பொன் கம்பியை வளைத்துப் பொருத்தி, பொடி வைத்து ஊதி ஒட்டினார். ஆறிய பிறகு அவள் விரலில் மாட்டிக்கொண்டு கையை விரித்துக் காட்டினாள். மேற்புறம் இருந்தது என் தாயாரின் பொன். புதுப் பொன் உள்ளங்கைப் பக்கம், இனித் தேய வேண்டிய இடத்தில், இருந்தது.