பேர் சொல்ல ஒரு பத்திரிகை

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்தபோது, பழகினால் சாதி தெரிந்துவிடுமே என்று கூடப் படித்த பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கியே இருந்தாராம். 1939இல் வந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்தப் பையனை நல்லாத் தெரியும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேர் கேட்பார், ஊர் கேட்பார். அப்புறம் மெதுவா, "ஊரா, காலனியா?" என்பார். எம்.ஏ. படிச்ச நாக்குதான், ஒட்டிக்கொள்ளும். "காலனி" என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிடும்.

அந்தப் பையன்தான் 1893இல் பத்திரிகை தொடங்கி, 'பறையன்' என்றே பேர் வைத்தார். பூசி மெழுக வேறு பேரா கிடைக்காது? பயம் போனபிறகு வைத்த பேர் என்று நான் நம்பவில்லை. பயத்தை மடியில் கட்டிக்கொண்டேதான் வைத்திருப்பார். அச்சேறிவிட்டால் அப்புறம் எங்கே ஒளிவது? மாதம் ஒருமுறை வந்தது, பிறகு வாரம் ஒருமுறையானது. 1900 வரை நடந்தது.