நான் மறைத்த சுரம்

தவறு செய்தவர் ஒருவர், ஏச்சு வாங்கியவர் மற்றொருவர் என்னும் நிலை இல்லங்களிற் போலவே ஆசிரியத் தொழிலிலும் நேர்வதுண்டு. கொக்குவிலில் என் வீட்டு விறாந்தையில் அப்படியொன்று நேர்ந்தது. அதை மறைத்து வைப்பதைவிடச் சொல்லிவிடுவதே நன்று என எண்ணுகிறேன்.

நான் கற்பிப்பது கணிதம். இளமையில் வயலின் பழகிய துணிவினால், பாடசாலை விழாவொன்றுக்காக எட்டுப் பிள்ளைகளுக்கு இருகுரற் பாட்டொன்றைப் பழக்க முன்வந்தேன். நம் இசையில் இரண்டு நாதஸ்வரங்கள் ஒலித்தாலும் அவை ஒரே வழியிற்றான் நடக்கும். ஆதலால் ச, ரி, க, ம என்று எழுதினாற் போதும். இரு குரல்கள் வெவ்வேறு வழியிற் செல்லும்போதோ, மேலைநாட்டாரின் ஐந்து கோட்டு முறையே வசதியானது. அம்முறை தமிழர்க்குப் புதியதுமன்று. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1892ஆம் ஆண்டிலேயே சென்னையில் நம் கீர்த்தனைகளை அம்முறையில் அச்சிடத் தொடங்கிவிட்டார்.

ஒரே ஐந்து கோடுகளில் இரு குரல்களையும் எழுதுவதற்குச் சில விதிகள் உண்டு. மேற்குரலின் புள்ளிகளுக்குத் தண்டு மேல்நோக்கி நிற்கும். கீழ்க்குரலுக்குக் கீழ்நோக்கி நிற்கும். இருவரும் ஒரே சுரத்தை ஒரே அளவு பாடினால் ஒரு புள்ளிக்கே இரண்டு தண்டுகள். 'ரி'யும் 'க'வும் போல அடுத்தடுத்த சுரங்களாயின், புள்ளிகள் ஒன்றையொன்று மிதித்துவிடும். ஒன்றைச் சற்றே பக்கத்தில் நகர்த்தவேண்டும். முற்காலத்தில் உலோகத் தகட்டிற் செதுக்கியவர்கள் கண்ணால் அளந்து செய்த இவ்வேலையை, மியூஸ்ஸ்கோர், லிலிபொன்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இன்று தாமே செய்கின்றன. எந்தச் சுரம் எந்தக் குரலுக்குரியது என்பதை மட்டும் நாம் சொல்லவேண்டும்.

நானும் சொல்லித்தான் இருந்தேன். ஓரிடத்தில் இரு குரல்களும் ஒரே சுரத்தில் தொடங்கின. மேற்குரல் ஒரு மாத்திரை நின்று மேலேற, கீழ்க்குரல் இரண்டு மாத்திரை நிற்கவேண்டும். ஒன்றுக்குக் கறுத்தப் புள்ளி, இரண்டுக்கு வெள்ளைப் புள்ளி. கணினி அவ்விரண்டையும் அருகருகே வைத்தது. எனக்கு அது அழகாகப் படவில்லை. பாட்டை ஒரே தாளில் அடக்கிவிடும் ஆசையும் சேர்ந்துகொள்ள, கறுப்பை இழுத்து வெள்ளையின்மேல் வைத்துவிட்டேன்.

பயிற்சியின்போது கீழ்க்குரலில் முன்னின்று பாடும் மாணவி அவ்விடத்தில் ஒரு மாத்திரையோடு நிறுத்தினாள். மூன்று முறை பாடியும் அப்படியே. "தாளம் பிடிக்கத் தெரியாதவர்கள் ஏன் பாட வருகிறீர்கள்?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஏசிவிட்டேன். அவள் அழவில்லை. பிள்ளைகள் கலைந்தபின் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சேர், என்ர தாளிலை கறுத்தப் புள்ளிதானே கிடக்குது?"

பார்த்தேன். அவள் பாடவேண்டிய சுரம் அங்கே இருக்கவேயில்லை. அதை மூடியவன் நான்.

அன்றிரவே புள்ளிகளைப் பழையபடி அருகருகே வைத்தேன். பாட்டு இரண்டு தாள்களுக்கு நீண்டது. மறுநாள் அதே எட்டுப் பேர் முன்னிலையில், "பிழை என்னுடையது, என்னை மன்னித்துக்கொள், பிள்ளை" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு புன்னகைத்தாள். பின்பு பாடினாள், இரண்டு மாத்திரையும் குறைவில்லாமல் நின்றாள்.

இப்பொழுதெல்லாம் ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப ஒரே இடத்திற் பிழைவிட்டால், ஏசுவதற்கு முன் அப்பிள்ளையின் கையிலுள்ள தாளை வாங்கிப் பார்க்கிறேன்.