கார் குடித்ததா, களவு போனதா?

 

“சேர், உங்கட காருக்கு என்னதான் நடந்தது?” என்று போன கிழமை மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பழைய கார், வேன் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். வாகனம் இல்லாதவர்களும் நடுப்பகுதியை வாசியுங்கள். காரணம் அங்கே புரியும்.

என்னுடையது 1990களின் கடைசியில் ஜப்பானில் செய்த 1300 சீசீ கார். கம்பனிப் பெயர் வேண்டாம், இதில் கம்பனியின் பிழை ஒன்றும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார்களை மறுபடி விட்டது 2025 பெப்ரவரியில்தான். விட்ட பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால், கேட்டதோடு திரும்பி வர வேண்டியதுதான். ஆகவே உள்ளதை வைத்து ஓட்டுகிறோம்.

சாம்பல்தீவிலிருந்து குச்சவெளிப் பக்கம் பாடசாலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 54 கிலோமீற்றர். ஐந்து நாளைக்கு 270. கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும். இது எப்படி இவ்வளவு திட்டமாகத் தெரியும் என்றால், 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதன் பிறகு கியூஆர் வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு நாங்கள் நகரத்தில் வரிசையில் நின்றோம், அது வேறு கதை. அந்த 20 லீற்றரில் நாலு நாள் காரும் ஐந்தாம் நாள் பஸ்ஸும் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். அப்போது தொடங்கிய கொப்பியை இன்றுவரை விடவில்லை. அடித்த லீற்றர், ஓடிய கிலோமீற்றர், திகதி. 2023 செப்டெம்பரில் கியூஆர் போனது, கொப்பி போகவில்லை. வீட்டில் சிரிப்பார்கள்.

மழைக்கால விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் கிழமை கொப்பியில் 9.2. அடுத்த கிழமை 8.9. அதே ரோட்டு, அதே ஓட்டம், ஏசியும் போடவில்லை. 12க்கும் 9க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டால் 270 கிலோமீற்றருக்கு 22.5 லீற்றருக்குப் பதிலாக 30 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் கிழமைக்கு 2,250 ரூபா, மாதம் 9,000. அது என் வீட்டு மின்சார பில்லும் பிள்ளையின் டியூஷன் காசும்.

இதை யாரோ ஒருவரிடம் சாதாரணமாகச் சொன்னேன். இரண்டு நாளில் ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது: “சேர்ட தாங்கியில பைப் போட்டு இழுக்கிறாங்க.”

யார் இழுக்கிறார் என்பதற்கும் ஆள் தயாராக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பொடியன் இருக்கிறான். ஏலெவல் எழுதிவிட்டு றிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமைகளில் வந்து காரைக் கழுவித் தருவான், மழை வந்தால் காரை உள்ளே எடுத்து விடுவான். தகப்பனுக்கு ஒரு சின்ன போட். நிலாவெளிக் கரையில் உள்ள போட் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடினாலும் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகென்ன, ஒன்றும் ஒன்றும் இரண்டு! எங்கட ஆக்களும் சொன்னார்கள், அவனுடைய சொந்தக்காரரே இரண்டு பேரும் சொன்னார்கள். அந்தக் கிழமை அவன் கார் கழுவ வரவில்லை. என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பினான். கதை அவன் காதுக்குப் போய்விட்டது.

நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கேள்வியே ஒரு குற்றச்சாட்டு. “இல்லை சேர்” என்று அவன் சொன்னாலும் அதை ஊர் நம்பாது. எனக்குத் தேவைப்பட்டது அவனுடைய வாய்மொழி அல்ல, ஒரு அளவு.

களவு போகும் பெற்றோல் கார் நிற்கும்போது குறையும். கார் குடிக்கும் பெற்றோல் கார் ஓடும்போது குறையும். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் விசயம் முடிந்தது. ஒரு சனிக்கிழமை காலை டவுன் செட்டில் பம்ப் தானாக நிற்கும்வரை அடித்து, ட்ரிப் மீற்றரைப் பூச்சியத்தில் வைத்தேன். அப்படியே புல்மோட்டை போய்த் திரும்பினேன். தேத்தண்ணீர் குடித்தபோதுகூடக் கார் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. திரும்பி வந்து அதே செட், அதே பம்ப். முதல் தடவை நின்றதோடு நிறுத்தச் சொன்னேன். ஓடியது 112 கிலோமீற்றர், பிடித்தது 12.6 லீற்றர். வகுத்தால் 8.9.

கொப்பியில் கிழமைக் கணக்கும் 8.9, யாரும் கை வைக்க வழியில்லாத ஒரு நாள் கணக்கும் 8.9. இரவில் யாராவது எடுத்திருந்தால் இந்த ஓட்டத்தில் மட்டும் 12 வந்திருக்க வேண்டும். அந்தத் துண்டை அன்று மாலையே, அதிகம் கதைத்த இரண்டு பேருக்குக் காட்டினேன். ஒருவர் உடனே ஒத்துக்கொண்டார். மற்றவர் “அப்ப பெற்றோல்ல கலப்படம்” என்று செட்காரர் பக்கம் திரும்பினார். அதே செட்டில் அடிக்கும் என் நண்பரின் வேனுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவரும் அடங்கினார்.

இனிக் காரின் பக்கம். நான் பார்த்த ஒழுங்கு, காசு செலவில்லாததிலிருந்து காசு போவது வரை. முதலில் டயர் காற்று. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்குப்படி நாலு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம்தான் இழப்பு. பத்து குறைந்தாலும் 2 சதவீதம். என்னுடையது 25 சதவீதம், ஆகவே காற்று மட்டும் காரணமாக முடியாது. அடுத்தது எயார் ஃபில்டர். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். கார்பரேட்டர் காலத்தில் அது சரி. இஞ்செக்ஷன் வந்த பிறகு, உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பத்தான் கம்பியூட்டர் பெற்றோலை விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 2009இல் சோதித்துப் பார்த்தது: அடைபட்ட ஃபில்டரால் இஞ்செக்ஷன் காரின் இழுவைதான் குறைகிறது, எரிபொருள் செலவில் பெரிய மாற்றம் இல்லை.

ஒரு கராஜில் ஒக்சிஜன் சென்சரை மாற்றச் சொன்னார்கள். அது பொய்யான ஆலோசனை அல்ல. சைலன்சர் பக்கம் போகும் புகையில் ஒக்சிஜன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவைப் பிடித்து வைப்பது அதுதான். அது செத்தால் எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். தேர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான்: எஞ்சின் சூடேறாது, இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டி விடும். ஆனால் அப்படிக் கூடிப் போனால் பெரும்பாலும் அடையாளம் இருக்கும். பிளக் கரியாக இருக்கும், சைலன்சரில் பெற்றோல் மணக்கும். என் பிளக் நாலும் மண்ணிறம், வெப்ப முள்ளும் வழமையான இடத்தில். சென்சருக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வயது அறுபதுக்கு மேல். போனட்டைத் திறக்கவே இல்லை.

“சேர், எத்தின நாள் நிப்பாட்டி வச்சிருந்தீங்க?”

“லீவுக்கு மூணு கிழமை, அண்ணன்.”

“மழைக்குள்ளயா?”

“ஓம்.”

“அப்ப முதல்ல தள்ளிப் பாப்பம்.”

சமதரையில் நியூட்ரலில் போட்டு அவரும் நானும் தள்ளினோம். இந்த அளவுக் கார் இரண்டு பேருக்கு லேசாக உருள வேண்டும். மூன்றாவதாக ஒருவர் வந்த பிறகுதான் அசைந்தது. பிறகு பிரேக்கை முடிந்தளவு மிதிக்காமல் ஐந்து கிலோமீற்றர் ஓடி வரச் சொன்னார். வந்ததும் ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோனார். தொடக் கூடாது, சுட்டுவிடும். மூன்று பரவாயில்லை. முன் வலது சில்லு அடுப்பு மாதிரி.

ஜக் அடித்துக் கழற்றினால், பிரேக் கெலிப்பர் நகரும் பின் கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. ரபர் உறை கிழிந்து உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒரு பக்க பேட் தேய்ந்து தகடு தெரிகிறது, மற்றப் பக்கம் தடிப்பாக இருக்கிறது. அதாவது நான் காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. கூடுதலாகப் போன பெற்றோல் அந்தச் சில்லில் சூடாகிக் காற்றில் போயிருக்கிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். பின் இடது பக்கம் ஹேன்பிரேக் கேபிளும் லேசாக மாட்டியிருந்தது, எதிர்மூலை என்பதால் இழுவை தெரியவில்லை என்றார்.

நமக்கு ஒரு பக்கம் கடல், நிலாவெளியில் உப்பளம், மழைக்காலத்தில் வாடைக்காற்று. ஓடிக்கொண்டிருக்கும் கார் இதையெல்லாம் தாங்கும். மூன்று கிழமை ஹேன்பிரேக் இழுத்தபடி நனைந்து நின்றால்தான் இறுகிப் பிடிக்கிறது. சமதரையில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு ஹேன்பிரேக்கை விட்டுவிடச் சொன்னார். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை வாசல்வரைக்காவது ஓட்டி எடுக்கவும் சொன்னார்.

பெற்றோல் போனதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. தொடர்ந்து சூடானால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதித்தால் பெடல் நேரே கீழே போய்விடுமாம். காலையில் என்னோடு பின்சீட்டில் சக ஆசிரியையின் இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள்.

பின்னைச் சுத்தம் பண்ணி, அதற்குரிய கிரீஸ் வைத்து, ரபர் உறையும் முன் இரண்டு பக்கத்துக்கும் பேட்டும் மாற்றினோம். சாதாரண கிரீஸ் வைத்தால் ரபர் ஊதிவிடும், கவனம். கூலியும் சாமானும் சேர்த்தே, சென்சருக்குச் சொன்ன விலையில் பாதி வரவில்லை.

பழைய பேட் இரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பொடியனின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் வலை பொத்திக்கொண்டிருந்தார். இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். ஒன்று தகடு, ஒன்று தடிப்பு. போட் எஞ்சின் பிரிக்கிற மனிதர், விளக்கம் கேட்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டு அவனிடம் கொடுத்தார். அவன் அதை இன்னும் வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன், எனக்குத் திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை கார் கழுவ வந்தான். கழுவிய பிறகு நாலு சில்லுக்கும் புறங்கை வைத்துப் பார்த்தான்.

இரண்டு கிழமையாகக் கொப்பியில் 11.6, 11.7. மிச்சம் ஹேன்பிரேக் கேபிள். அது அடுத்த சம்பளத்துக்கு.