கைதான் காட்டிக்கொடுத்தது

வாத்தியார் சூதாட்டத்தைப் பற்றி எழுதலாமா என்று யாரும் கோபிக்க வேண்டாம். நாங்கள் ஆடியது கொண்டைக்கடலை வைத்து.

போன டிசம்பரில் டல்லாஸில் மகன் வீட்டில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு அவன் நண்பர்கள் போக்கர் ஆட வந்தார்கள். ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்து, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. கையில் ஒன்றுமில்லாமலே இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றி, மற்றவர்களை விலக வைக்கலாம். 36 வருடம் வகுப்பில் சிரிப்பை அடக்கிய முகம், எனக்கென்ன பயம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் கடலை காலி!

ஒரு பையன் சொன்னான்: "அங்கிள், உங்க முகம் கல்லு மாதிரிதான் இருக்கு. ஆனா நல்ல சீட்டு வந்தா கண்ணு உடனே கடலைக்குப் போகுது. ஏமாத்தும்போது கடலையை ஓங்கி வைக்கிறீங்க."

இதையெல்லாம் மைக் காரோ என்பவர் 1984லேயே புத்தகமாக எழுதிவிட்டாராம். பலமில்லாதவன் பலசாலியாக நடிப்பான், பலமுள்ளவன் அப்பாவியாக நடிப்பான் என்பது அவர் கணக்கு. 2013இல் வந்த ஓர் ஆய்வில், பெரிய போட்டியில் ஆடியவர்களின் வீடியோவைச் சிலருக்குக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கையசைவை மட்டும் பார்த்தவர்கள் யாரிடம் நல்ல சீட்டு என்று ஓரளவு சரியாகச் சொன்னார்கள்.

அந்தப் பையன் சொன்ன மருந்து எளிது. நடிக்க வேண்டாம், எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் போதும். நம் முறை வரும்வரை சீட்டைப் பார்க்கக் கூடாது. பார்த்ததும், நல்லதோ கெட்டதோ, மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். பந்தயத்தை ஒரே வேகத்தில் வைத்துவிட்டு, பேசாமல் மேசையில் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடலை போனதற்காக அல்ல. மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். "ஏழெட்டு எவ்வளவு?" என்பேன். "அம்பத்தி... நாலு..." என்று இழுத்து, என் சாக்பீஸ் கையைப் பார்ப்பாள். கை அசையாது. "ஆறு" என்பாள். கை கரும்பலகைக்குப் போகும். வாய்ப்பாட்டில் புலி என்று நானே எல்லோரிடமும் பாராட்டினேன். எழுத்துத் தேர்வில் 100க்கு 12 வாங்கினாள். திமிர், கவனக்குறைவு என்று வகுப்பு வாசலில் நிற்க வைத்தேன். அழுதாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவள் படித்தது வாய்ப்பாட்டை அல்ல, என் கையை. அது எனக்கு டல்லாஸில்தான் புரிந்தது.

பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, கேள்வி கேட்டதும் சாக்பீஸைக் கீழே வையுங்கள். பதில் சரியோ தவறோ, ஐந்து எண்ணிவிட்டு வாயைத் திறங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். எங்காவது பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.