ரேட்... யாருடைய ரேட்?

வில்லியனூரில் என் வாடிக்கைக் கடையில் 'வழக்கம்போல ஒண்ணு' என்றால் சர்க்கரை கம்மியாக ஸ்ட்ராங் டீ வரும். அதையே பாகூர் கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கடைக்கு எது வழக்கமோ அதுதான் வரும்!

கம்ப்யூட்டரில் இந்தச் சமாசாரத்துக்கு டைனமிக் ஸ்கோப் என்று பெயர். பி.காம். படித்தவனுக்கு ஏனய்யா இதெல்லாம் என்கிறீர்களா? காரணம் என் சித்தப்பா பையன். பாகூரில் ஒரு நெல் வியாபாரிக்குக் கணக்கு எழுதுகிறான். ஈமாக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில், அதற்கென்றே உள்ள லிஸ்ப் மொழியில், தானே ப்ரோக்ராம் போட்டுக்கொள்வான்.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு 'ரேட்' தலைக்கு 600 ரூபாய். அதைப் பார்த்துக் கூலி போட ஒரு ஃபங்ஷன். லாரிச் செலவுக்கு இன்னொன்று. அதற்குள்ளும் 'ரேட்' என்றே ஒரு பெயர், கிலோமீட்டருக்கு 40. லாரி ஃபங்ஷன் கூலி ஃபங்ஷனைக் கூப்பிட, அது கூப்பிட்டவன் வீட்டு ரேட்டை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆறு பேருக்கும் சேர்த்து 240 ரூபாய்!

"டீ செலவுக்கா தம்பி?" என்றாராம் மூத்தவர். வரவேண்டியது 3,600. ஓட்டை பெரிசு, கண்ணில் பட்டது. தலைக்கு இருபது ரூபாய் குறைந்திருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மருந்து சின்னதுதான். ஃபைலின் முதல் வரியில் 'லெக்ஸிகல்-பைண்டிங்: டி' என்று ஒரு குறிப்பு. அப்புறம் ஃபங்ஷன், தான் எழுதப்பட்ட இடத்தில்தான் பெயருக்குப் பொருள் தேடும். யார் கூப்பிட்டாலும் சரி. ஸ்கீம் என்ற லிஸ்ப் 1975-லேயே இப்படித்தான் இருந்தது. 1985-ல் ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமாக்ஸுக்கு இந்த வசதி வர 2012 ஆகிவிட்டது, 24-ம் பதிப்பில். நம்ம ஊர் பட்டா மாற்றம் தேவலை.

கூடவே குளோஷரும் கிடைத்தது. ஒரு ஃபங்ஷனுக்குள் பிறக்கும் இன்னொரு ஃபங்ஷன், பிறந்த வீட்டுப் பெயர்களை மடியில் கட்டிக்கொண்டே வெளியூர் போகும். தம்பி இப்போது ஆலைக்கு ஒரு ஃபங்ஷன் செய்து வைத்திருக்கிறான். ஒவ்வொன்றும் தன் ரேட்டைத் தானே சுமக்கிறது. முன்பென்றால் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று கையை விரித்திருக்கும்.

ஒரு வில்லங்கம் பாக்கி. 'டெஃப்வார்' போட்டு அறிவித்த பெயர்களுக்கு முதல் வரி எடுபடாது; பழைய குணம்தான்.

"அதாண்ணே, ரேட்டுக்கு டெஃப்வார் போடாதேன்னு மானிட்டர்லயே சீட்டு ஒட்டிட்டேன்" என்கிறான்.