நான்காவது நாற்காலி

வகுப்பறையின் நடுவே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் டாக்டராக நடிக்கும் மாணவர். எதிரே நோயாளியாக, பிறவியிலேயே காது கேளாத ஆசிரியர். மூன்றாவதில் சைகை மொழிபெயர்ப்புப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. கருநீலச் சட்டை போட்டிருக்கிறார். வளையல், மோதிரம், நகப்பூச்சு எதுவும் கிடையாது. பார்ப்பவரின் கண் கைவிரல்களை விட்டு அங்கே இங்கே போகக் கூடாது என்பதற்காக இந்தக் கட்டுப்பாடு. டாக்டர் கேட்கிறார்: "சுகர் இருக்கா?" மாணவியின் கை சர்க்கரைக்கான சைகையைப் போடுகிறது. ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கிறது, வீட்டில் ஒரு கிலோ இருக்கிறது என்று கையால் பதில் சொல்கிறார். வகுப்பு சிரிக்கிறது. வருடாவருடம் இந்தக் கேள்விக்கு அவர் தரும் பதில் இதுதானாம். அடுத்து, "கிட்னியில உப்பு கூடியிருக்கு" என்கிறார் டாக்டர். இந்த முறை மாணவி உஷார். உப்புக்கான சைகையைப் போடப் போன கை பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக எதைப் போடுவது என்று தெரியவில்லை. கிரியேட்டினின் என்று ஒன்று உண்டு, தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதைத்தான் 'உப்பு' என்று சொல்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்த அரை நிமிடத் தடுமாற்றத்தில்தான் இந்தத் தொழிற்கல்வியின் முழுச் சிக்கலும் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இருபது வருடங்களுக்கு முன்பு இருந்த நிலையை நினைத்தால் இன்று இருப்பது பெரிய முன்னேற்றம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரத்தோடு, பிளஸ் டூ முடித்தவர்கள் சேரக்கூடிய இரண்டாண்டு டிப்ளமோ இருக்கிறது. 2015இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வந்தது. அது 2018இல் வெளியிட்ட அகராதியில் 3,000 சொற்கள். 2021இல் அது 10,000 ஆனது. ஆனால் 'உப்பு கூடியிருக்கு' எந்த அகராதியிலும் ஏறாது. அது ஓ.பி. வாசலில் நின்று காதால் பிடிக்க வேண்டிய சொல். என் வாதம் இதுதான்: சான்றிதழ் கையில் வந்த பிறகான முதல் ஓரிரு ஆண்டுகளில், அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஒருவர் சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். அந்த ஆண்டுகளை நாம் அவரவர் அதிர்ஷ்டத்திடம் விட்டிருக்கிறோம். 1964லேயே மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று தேசிய அமைப்பு ஏற்படுத்திக்கொண்ட அமெரிக்காவில்கூட, படிப்பு முடிவதற்கும் வேலைக்குத் தயாராவதற்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பற்றி 1990களிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தில் என்ன இருக்கிறது? முதலில், பொறுமை. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பேச்சை விரட்டிக்கொண்டு ஓடுவது. சொல் வந்தவுடன் கை போய்விடும். 1986இல் டென்னிஸ் கோக்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். பேச்சுக்கு இரண்டு வினாடி பின்னால் வந்தவர்கள் செய்த பிழைகள், நான்கு வினாடி பொறுத்தவர்கள் செய்த பிழைகளைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் தமிழில் வேலை செய்பவருக்கு அது சொல்லும் செய்தி பெரியது. "ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்னு நினைச்சோம், ஸ்கேன் பார்த்ததுல அவசியம் இல்லைன்னு தெரியுது" என்கிறார் டாக்டர். 'இல்லை' வருவதற்குள் அவசரக்காரரின் கை ஆபரேஷனைச் சொல்லிவிட்டிருக்கும். இந்திய சைகை மொழியிலும் மறுப்பு கடைசியில்தான் வரும், அதனால் பாதகமில்லை என்று தோன்றலாம். ஆனால் சைகை மொழியில் முகமும் இலக்கணம். புருவத்தை உயர்த்தித் தலையை லேசாக முன்னே நீட்டினால் அதே வாக்கியம் கேள்வியாகிவிடும். ஆபரேஷன் என்று கை சொல்லும்போது மொழிபெயர்ப்பாளரின் முகம் இறுகியிருந்தால், நோயாளியின் மனம் அங்கேயே விழுந்துவிடும். பின்னால் வரும் 'இல்லை' அதைத் தூக்கி நிறுத்தப் போராட வேண்டும். நான்கு வினாடி பொறுக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தரலாம். எதிரில் ஒருவர் கண் கொட்டாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பொறுத்திருக்கும் நெஞ்சுரத்தை வகுப்பு தராது.

நீதிமன்றத்தில் இந்த நெஞ்சுரம் இன்னும் கூடுதலாக வேண்டும். வாயால் சொல்ல முடியாத சாட்சியின் வாக்குமூலத்தைப் பதியும்போது மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவியைக் கோர்ட் பெற வேண்டும், அதை வீடியோவில் எடுக்க வேண்டும் என்று 2013இல் சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவைத் திருத்தினார்கள். புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. 2023 செப்டம்பரில், காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் காணொலி வழியே சைகை மொழிபெயர்ப்பாளரோடு ஆஜரானார். நாடே அந்த மொழிபெயர்ப்பாளரின் கைவேகத்தைப் பார்த்து வியந்தது. வேகம் கண்ணில் படும். தீர்மானம் கண்ணில் படாது. கீழ்க் கோர்ட்டில் வக்கீல் கேட்கிறார்: "அவன் உன்னை அடிச்சானா?" தமிழில் 'அடி' என்ற சொல்லுக்குக் கையும் இல்லை, கம்பும் இல்லை, விழுந்த இடம் கன்னமா முதுகா என்பதும் இல்லை. சைகையில் அடித்ததைக் காட்டும்போது பெரும்பாலும் இவற்றில் ஏதாவதொன்று தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். கன்னத்தில் அறைவதுபோல் காட்டினால், வக்கீல் கேட்காத விவரத்தைச் சாட்சியின் மனதில் போட்டதாகிவிடும். 'ஆயுதம்' என்ற பொதுச்சொல்லுக்கும் இதே கதிதான். கத்தியா, அரிவாளா, துப்பாக்கியா? இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியது, நீதிபதியைப் பார்த்து, "ஐயா, இந்தக் கேள்வியை விவரம் சேர்க்காமல் சைகையில் கேட்பதில் சிக்கல் இருக்கிறது, தெளிவுபடுத்த அனுமதி வேண்டும்" என்று சொல்வது. போன மாதம் டிப்ளமோ முடித்த இருபது வயதுப் பெண் கறுப்பு அங்கிகளுக்கு நடுவே எழுந்து நின்று இதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? மூத்தவர் ஒருவர் அப்படிச் சொல்வதையும், நீதிபதி அதை ஏற்றுக்கொள்வதையும் ஒருமுறையாவது பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வார்.

அந்தப் பக்கத்து நாற்காலியைத்தான் கேட்கிறேன். வேறு எந்தத் தொழிலிலும் இதைச் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. டாக்டருக்கு ஹவுஸ் சர்ஜன் காலம் உண்டு; வக்கீலுக்கு சீனியரின் ஆபீஸ் உண்டு; பாடகருக்குக் குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடும் பின்பாட்டு உண்டு. சைகை மொழிபெயர்ப்பில் இதற்கு இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தொடர்ந்து மொழிபெயர்த்தால் மூளை களைத்துப் பிழைகள் கூடும் என்பதால், நீண்ட நிகழ்ச்சிக்கு இருவர் வேண்டும், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். நம் ஊரில் செலவை மிச்சம் பிடிக்க ஒருவரையே மூன்று மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். அந்த இரண்டாவது ஆளை மூத்தவரோடு இணைந்த இளையவராக வைத்தால் களைப்புக்கும் பயிற்சிக்கும் ஒரே செலவு. சும்மா இருக்கும் இருபது நிமிடத்தில் இளையவர் கவனிப்பார், விட்டுப்போன எண்ணையோ ஊர்ப் பெயரையோ எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்.

ஐம்பது லட்சம் பேருக்கு மேல் கேட்கும் திறன் குறைந்தவர்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கு சொல்லும் நாட்டில், கைவிரல் விட்டு எண்ணும்படி இருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுத் தடையா என்று கேட்கலாம். நான் கேட்பது தடையில்லை. அவர்கள் முதல் நாளிலிருந்தே வேலை செய்யட்டும், தனியாக வேண்டாம் என்பதுதான். 'யாரும் இல்லாததற்கு யாரோ ஒருவர் மேல்' என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலாவின் நினைவுக் கூட்டத்தில் பார்த்தோம். உலகத் தலைவர்கள் பேச, அருகில் நின்றவர் அர்த்தமில்லாமல் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். மேடையில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. காது கேளாதவர்களுக்கு உடனே தெரிந்தது. தவறான மொழிபெயர்ப்பைக் கண்டுபிடிக்கக் கூடியவரின் குரல்தான் அந்த மொழிபெயர்ப்பாளரின் கையில் இருக்கிறது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி எதற்கு என்று இன்னொரு கேள்வி. அவர்களுக்கு மொழி தாய்ப்பாலோடு வந்தது, உண்மை. ஆனால் சின்ன வயதிலிருந்து அப்பா அம்மாவைக் காப்பாற்றவே மொழிபெயர்த்துப் பழகியவர்களுக்கு, கெட்ட செய்தியை மென்மையாக்காமல் அப்படியே சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

எனக்கே முழுப் பதில் கிடைக்காத ஆட்சேபம் ஒன்று உண்டு. காது கேளாதோர் சமூகம் சிறியது. ஆஸ்பத்திரி அறையில் பார்த்த அதே முகம் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எதிரே வரும். அந்தரங்கமான பேச்சில் ஏற்கெனவே ஓர் அந்நியர் இருக்கிறார். கற்றுக்கொள்ள வந்தவர் என்று இன்னொருவரையும் உட்கார வைப்பது யாருடைய வசதிக்கு? நோயாளியிடம் அனுமதி கேட்க வேண்டும், பொதுக் கூட்டத்திலும் கல்லூரி வகுப்பிலும் தொடங்கி ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போக வேண்டும் என்பதுவரை சொல்ல முடியும். அனுமதி கேட்கும் அந்தக் கேள்வியையும் மொழிபெயர்ப்பாளர்தானே கேட்க வேண்டும், 'வேண்டாம்' என்று சொல்ல நோயாளிக்கு மனம் வருமா என்ற சங்கடம் தீர்ந்தபாடில்லை. இளையவரை ஏற்பதா என்று முடிவு செய்யும் இடத்தில் காது கேளாதவர்களே இருந்தால் ஓரளவு தீரும் என்று படுகிறது.

அன்று அந்த வகுப்பில் மாணவி நோயாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார். ஆதரவாக இருக்கும் என்று நினைத்திருப்பார். ஆசிரியர் காலால் தரையைத் தட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். நோயாளி ஒரே பார்வையில் டாக்டரின் முகத்தையும் மொழிபெயர்ப்பாளரின் கையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, நாற்காலியை டாக்டருக்குப் பக்கத்தில், அரையடி பின்னால் தள்ளிப் போடச் சொன்னார். மாணவி நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலிக்கு இடம் இருந்தது.